மூன்று தேர்வு, மூன்று முடிவு: எதில் கையெழுத்துப் போடுவது?

அவிநாசிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயரையும் பள்ளியையும் வெளியிட வேண்டாம் என்பது அவர் வேண்டுகோள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன். நீண்ட கடிதம். சாரம் இதுதான்.

கணினி அறிவியலில் எம்.எஸ்சி., பி.எட். முடித்தவர். ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறாவது முதல் பத்தாவது வரை கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறார். எட்டாம் வகுப்பில் 42 பிள்ளைகள். பாதிக்கு மேல் பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் போகிறவர்களின் குழந்தைகள். ஐந்தாறு பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள். லேபில் இருப்பது 20 சிஸ்டம், ஓடுவது 14. வாரத்துக்கு ஒரு பீரியட், 40 நிமிடம்.

இந்த ஆண்டு தாளாளர் ஓர் உத்தரவு போட்டார். எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 'தொழில்நுட்பத் திறன் அறிக்கை' தயாராக வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் அதைக் கொடுக்க வேண்டும். அட்மிஷன் நோட்டீஸிலும் 'இத்தனை சதவீதம் பேர் ஏ கிரேடு' என்று போட வேண்டும். எப்படிச் சோதிப்பது என்று யாரும் சொல்லவில்லை. இவரே மூன்று விதமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார். முதலில் 'உனக்கு இது தெரியுமா?' என்று 20 வரிகள் கொடுத்து டிக் போடச் சொன்னார்: 38 பேர் எல்லாம் தெரியும் என்று போட்டார்கள். அடுத்து 25 மதிப்பெண்ணுக்கு ஒரு மார்க் கேள்விகள் (சிபியூ என்றால் என்ன, ரேம் எதற்கு என்ற ரகம்): 31 பேர் இருபதுக்கு மேல். கடைசியாகச் செய்முறை: ஒரு விடுப்புக் கடிதம் தட்டச்சு செய்து, தன் பெயரில் ஃபோல்டர் போட்டுச் சேமித்து, மெயிலில் இணைத்து அனுப்ப வேண்டும். முழுதாக முடித்தவர்கள் 9 பேர்.

தாளாளர் பார்த்தார். "அந்த ஒரு மார்க் டெஸ்ட்டையே போட்டுருங்க, அதுதான் நல்லாருக்குது" என்றாராம். முதல்வரும், "எதுக்குங்க டீச்சர் வம்பு? கையெழுத்தைப் போட்டுட்டு வேலையைப் பாருங்க" என்றிருக்கிறார். இதற்குள் செய்முறை மதிப்பெண் எப்படியோ வெளியே போய்விட்டது. செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு தகப்பனார் வந்து, "என்ற பையன் போனையே பிரிச்சு மாட்டறானுங்க, அவனுக்குப் போயி சி கிரேடுங்களா?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். வகுப்பில் முதல் ரேங்க் எடுக்கும் ஒரு பெண், மவுஸில் வலப்பக்கம் எதற்கு அழுத்த வேண்டும் என்று தெரியாமல் அழுதிருக்கிறாள். அவள் அம்மா போன் செய்து, "இனி இவளுக்குக் கம்ப்யூட்டர் குரூப் கெடைக்காதுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆசிரியையின் கேள்விகள்: மூன்றில் எது உண்மை? நல்லதை மட்டும் காட்டும் தாளில் நான் கையெழுத்துப் போட்டால் பின்னால் வில்லங்கம் வருமா? மறுத்தால் வேலை போகுமா? என் அசல் சான்றிதழ்கள் பள்ளியில்தான் இருக்கின்றன. கடைசியில் ஒரு வரி: "9 பேர்தான் செய்தார்கள் என்றால், நான் சரியாகச் சொல்லித்தரவில்லை என்றுதானே அர்த்தம்?"

டீச்சர், கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்கியிருப்பேன். ஆனால் முதல் கேள்வியைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

மூன்று தாளும் மூன்று வேறு விஷயங்களைக் கேட்டன

மூன்று முடிவுமே உண்மைதான். கிணற்று மேட்டில் நிற்கிற பையனிடம் "நீச்சல் தெரியுமாடா?" என்று கேட்டால் தெரியும் என்றுதான் சொல்வான். கையை எப்படி வீச வேண்டும் என்று கேட்டாலும் சொல்லிவிடுவான். உள்ளே குதித்த பிறகு நடப்பது வேறு. உங்கள் முதல் தாள் பிள்ளைகளின் தைரியத்தை அளந்தது. இரண்டாவது, பாடப் புத்தகச் சொற்கள் நினைவிருக்கின்றனவா என்று பார்த்தது. செய்ய வருகிறதா என்று பார்த்தது மூன்றாவது மட்டும். மூன்றுக்கும் 'தொழில்நுட்பத் திறன்' என்று ஒரே தலைப்புப் போட்டதில்தான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது.

இந்தச் சங்கடம் நம்ம ஊரில் மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் 2002 ஜனவரியில் கையெழுத்தான 'நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம், எட்டாம் வகுப்பை முடிக்கும்போது ஒவ்வொரு மாணவருக்கும் தொழில்நுட்ப எழுத்தறிவு இருக்க வேண்டும் என்று ஓர் இலக்கு வைத்தது. உங்கள் தாளாளர் தேர்ந்தெடுத்த அதே எட்டாம் வகுப்பு! ஆனால் அந்த எழுத்தறிவு என்றால் என்ன, அதை எப்படிச் சோதிப்பது என்பதை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. சில இடங்களில் பிள்ளைகளையே டிக் போடச் சொன்னார்கள், சில இடங்களில் ஒரு மார்க் கேள்விகள், சில இடங்களில் பிள்ளைகள் செய்த வேலையைத் திரட்டிப் பார்த்தார்கள். ஒரு மாநிலத்தின் சதவீதத்தை இன்னொரு மாநிலத்தோடு வைத்துப் பார்க்க முடியாமல் போயிற்று. 2014இல் அங்கே தேசிய அளவில் எட்டாம் வகுப்புக்குக் கணினியிலேயே காட்சிகளும் வேலைகளும் கொடுத்துச் சோதித்தபோது, எதிர்பார்த்த தரத்தை எட்டியவர்கள் 43 சதவீதம்தான்.

இன்னொன்றும் உண்டு. ஐ.சி.ஐ.எல்.எஸ். என்று ஓர் உலகளாவிய ஆய்வு. 2013, 2018, 2023 ஆண்டுகளில் நடந்தது. அதுவும் எட்டாம் ஆண்டு மாணவர்களுக்குத்தான். கணினி முன் உட்காரவைத்து, தகவல் தேடி, சரிபார்த்து, ஒரு பக்கம் தயாரிக்கச் சொல்வார்கள். 2018 சுற்றில் மிக உயர்ந்த நிலையை எட்டியவர்கள் 2 சதவீதம் மட்டுமே. அந்தச் சுற்றில் கலந்துகொண்டவை பெரும்பாலும் வசதியான நாடுகள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தானாகவே வந்துவிடும்' என்று நம் வீடுகளில் பெருமையாகச் சொல்கிறோமே, அது அங்கேயும் பொய்த்திருக்கிறது. ஆகவே 42இல் 9 என்பதைப் பார்த்து நீங்கள் கூனிக்குறுக ஒன்றும் இல்லை.

போகிற போக்கில் ஒன்று: கணினியில் வைக்கும் தேர்வு வேறு, கணினித் திறனைச் சோதிக்கும் தேர்வு வேறு. ஒரு மார்க் கேள்விகளையே திரையில் ஏற்றி, பிள்ளைகள் மவுஸால் விடையை அழுத்தினால் அது 'டிஜிட்டல் மதிப்பீடு' ஆகிவிடுகிறது என்று பல பள்ளிகள் நினைக்கின்றன. உங்கள் தாளாளரிடம் ஏதாவது கம்பெனிக்காரர் அப்படி ஒரு செயலியை விற்க வருவார், கவனமாக இருங்கள்.

வாரத்துக்குப் பதிமூன்று நிமிடம்

இனி உங்கள் கடைசிக் கேள்வி. 14 சிஸ்டம், 42 பிள்ளைகள். ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பேர். 40 நிமிடத்தை மூன்றாக வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 13 நிமிடம். வருகைப் பதிவு, சிஸ்டம் ஆன் ஆகும் நேரம், கரன்ட் போவது எதையும் கழிக்காமல். ஆண்டுக்கு முப்பது வாரம் லேபுக்குப் போனார்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஆறரை மணி நேரம். ஒரு முழு ஆண்டில் ஒரு குழந்தையின் கை விசைப்பலகையில் பட்ட நேரம் இவ்வளவுதான். மூன்று பேரில் மவுஸ் யார் கையில் இருக்கும், யார் பின்னால் நின்று பார்ப்பார்கள் என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். அழுத அந்தப் பெண் பின்னால் நின்றவளாகத்தான் இருக்க வேண்டும்.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. பிரதம் தொண்டு நிறுவனம் வெளியிடும் ஏசர் கல்வி அறிக்கையின் 2023 பதிப்பு, நாட்டின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களைச் சோதித்தது. ஸ்மார்ட்போனில் அலாரம் வைப்பது, இணையத்தில் ஒரு தகவலைத் தேடுவது, கூகுள் மேப்பில் வழி பார்ப்பது, யூடியூபில் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்து அனுப்புவது என்ற வேலைகள். அதில் பையன்கள் பெண்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனால் அமெரிக்காவின் 2014 தேர்விலும், ஐ.சி.ஐ.எல்.எஸ்.-இன் கணினி, தகவல் திறன் பகுதியிலும் சராசரியாகப் பெண் பிள்ளைகள்தான் முன்னால் நின்றார்கள். ஏன் இந்தத் தலைகீழ்? ஏசர் அறிக்கையிலேயே விடைக்கு ஒரு துப்பு இருக்கிறது: ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில், சொந்தமாகப் போன் வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் கருவி யார் கையில் இருந்தது என்று கேட்காமல் திறனை மட்டும் எண்ணினால், வீட்டு நிலவரத்துக்கே மார்க் போட்டதாக ஆகிவிடும்.

நீங்கள் கொடுத்த செய்முறைத் தாளிலும் இந்தச் சிக்கல் கொஞ்சம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். குறிப்புகளை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். விடுப்புக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னீர்கள். அப்படியானால் பாதிப் பிள்ளைகள் தடுக்கியது கணினியிலா, கடிதத்திலா? ஒடிசாப் பிள்ளை எதில் தடுக்கினான்? மூன்று வேலையையும் ஒரே சங்கிலியாகக் கோத்திருக்கிறீர்கள். முதல் கண்ணியில் நின்றுவிட்ட பிள்ளைக்கு மெயில் அனுப்பத் தெரியுமா என்பதே கடைசிவரை தெரியாமல் போகிறது. 9 பேர் முழுதாக முடித்தார்கள், சரி. மற்ற 33 பேர் எந்தெந்த இடத்தில் நின்றார்கள் என்பதல்லவா அவர்களுக்குச் சொல்லித்தர உங்களுக்கு வேண்டியது?

கையெழுத்து, சட்டம், வேலை

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். எட்டாம் வகுப்பில் இப்படி ஓர் அறிக்கை தர வேண்டும் என்று மாநிலப் பாடத்திட்டம் கேட்கவில்லை. அந்த வகுப்பில் கணினி தனிப்பாடமாக இல்லாமல் அறிவியலுக்குள்ளேயே வருகிறது. சமச்சீர் அறிவியல் நூலில் லிப்ரே ஆபீஸ் கால்க் (எக்ஸெல் மாதிரியான அட்டவணைக் கணக்கு மென்பொருள்) பாடம் இருக்கிறதே, அதுதான். உங்கள் பள்ளி கூடுதலாக நடத்துவது பள்ளியின் சொந்த ஏற்பாடு. எனவே இந்தத் தாள் அரசுச் சான்றிதழ் ஆகாது, டி.சி.யிலும் ஏறாது. கையெழுத்துப் போட்டால் போலீஸ் வரும் என்றெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதற்காக இது வெறும் காகிதம் என்றும் எண்ண வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும்; பெற்றோரை அடிக்கடி சந்தித்துக் குழந்தையின் கற்றல் முன்னேற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். இரண்டும் அதில் இருக்கின்றன. எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும். அதாவது பெற்றோரிடம் உள்ளதைச் சொல்வது நிர்வாகம் உங்களுக்குக் கொடுக்கும் சலுகையில்லை, சட்டப்படி உங்கள் வேலையே அதுதான். அதே சட்டத்தின் 29ஆவது பிரிவு குழந்தையைப் பயமும் பதற்றமும் இல்லாமல் வைத்திருக்கச் சொல்கிறது. மதிப்பீடு தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும் என்கிறது. செய்முறை மதிப்பெண் வெளியே போனதும், ஒரு குழந்தை அழுததும் இந்தக் கணக்கில் நமக்கு நல்லதில்லை.

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, சொன்னபடி கையெழுத்துப் போட்டுவிடுவது. இன்றைக்கு நிம்மதி. ஆனால் 'தொழில்நுட்பத் திறன்: ஏ' என்ற தாளோடு ஒரு தகப்பன் திரும்பி வந்து, "எம் புள்ளைக்கு ஒரு மெயில் அனுப்பத் தெரியலியே டீச்சர்" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், அன்றைக்குத் தாளாளர் ஊரில் இருக்க மாட்டார். இன்னொன்று, முடியாது என்று மறுப்பது. நியாயம்தான், ஆனால் நீங்கள் மறுத்தால் வேறொருவர் கையெழுத்துப் போட்டு அதே தாள் வெளியே போகும். பிள்ளைகளுக்கு லாபம் எதுவும் இல்லை, உங்களுக்கு நஷ்டம் நிச்சயம்.

மூன்றாவதைத்தான் நான் சிபாரிசு செய்கிறேன்: தாளின் தலைப்பை மாற்றுங்கள். ஒரு மார்க் தேர்வின் முடிவை நோட்டீஸில் போட்டே ஆக வேண்டும் என்று நிர்வாகம் நின்றால், 'கணினிப் பாட அறிவுத் தேர்வில் 42இல் 31 பேர் 80 சதவீதத்துக்கு மேல்' என்று போடட்டும். அது உண்மை, அதில் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். பெற்றோர் கைக்குப் போகும் அறிக்கையில் மட்டும் மூன்று தேர்வும் அதனதன் பெயரில் தனித்தனியாக இருக்கட்டும். இதை முதல்வரிடம் வாயால் சொல்லாமல் அரைப்பக்கக் கடிதமாக எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வேண்டாம், அங்கே எழுதியது எந்தக் குழுவுக்குப் போகும் என்று தெரியாது.

நோட்டீஸ் என்றதும் இன்னொன்று. நம் பக்கம் ரிசல்ட் வந்த மறுநாள் ரோட்டோரம் முழுக்கப் பிள்ளைகள் படம் போட்ட ஃப்ளெக்ஸ்தான். இந்த அறிக்கைக்கும் அப்படி ஒன்று வைக்கும் எண்ணம் இருந்தால் தடுத்துவிடுங்கள். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்து, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பெயர், படம், கிரேடு மூன்றையும் சேர்த்து வெளியே ஒட்டுவதற்கு எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் போக வேண்டாம். இலவசத் தேர்வுச் செயலிகளில் பிள்ளைகளின் பெயரும் பெற்றோர் போன் நம்பரும் கேட்கும்போதும் இதே எச்சரிக்கை.

அறிக்கையை எப்படித் தயாரிக்கலாம்

உங்களிடம் இருப்பதை வைத்தே செய்யலாம். 42 பேரை 14, 14, 14 என்று மூன்று அணியாகப் பிரித்து, மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓர் அணி மட்டும் லேபில். ஆளுக்கு ஒரு சிஸ்டம். மற்ற 28 பேருக்கு வகுப்பறையில் எழுத்து வேலை, பார்த்துக்கொள்ள ஒரு துணை ஆசிரியர் வேண்டும். இதற்கு மட்டும் முதல்வரின் உதவி தேவை. அறிவியலில் வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செயல்பாடுகள் மூலம் பார்ப்பது) 40, தொகுத்தறிக்கு (பருவ முடிவுத் தேர்வு) 60 என்று ஏற்கெனவே பழகியிருக்கிறார்கள். இது வளரறி வகை என்று சொன்னால் அவருக்குப் புரியும்.

வேலைகளைச் சங்கிலியாகக் கோக்காமல் தனித்தனித் துண்டாகக் கொடுங்கள். ஒன்றில் நின்றாலும் அடுத்ததைத் தொடங்க முடிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜ்காம்ப் சட்டகம் டிஜிட்டல் திறனைத் தகவல், தொடர்பு, உருவாக்கம், பாதுகாப்பு, சிக்கல் தீர்த்தல் என்று ஐந்து பகுதிகளாகப் பார்க்கிறது. அதை அப்படியே இறக்க வேண்டியதில்லை, பகுப்பு மட்டும் உதவும். சில மாதிரிகள்:

தகவல்: 'பவானிசாகர் அணையின் இன்றைய நீர்மட்டம் என்ன? எங்கே பார்த்தாய், எந்தத் தேதிச் செய்தி?' தேடினால் போன வருடத்துச் செய்தியும் கலந்து வரும். தேதியைப் பார்த்தாளா என்பதுதான் சோதனை. அணையின் முழு மட்டமே 105 அடி; ஒரு பிள்ளை 118 என்று எழுதினால், 120 அடி கொண்ட மேட்டூரைப் பார்த்து எழுதிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். எண்ணைத் தேடி எடுப்பது சுலபம், அது சரியான எண்தானா என்று சந்தேகப்படுவதுதான் அருமை. எனக்கு இந்த ஒரு கேள்வி மட்டும் கிடைத்தால்கூடப் போதும்.

உருவாக்கம்: ஒரு தையல்காரர் ஆறு நாளில் எத்தனை பீஸ் அடித்தார், பீஸ் ரேட் என்ன என்று ஒரு கற்பனைக் கணக்கைக் கொடுத்து, கால்க்கில் வாரக் கூலியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கால்குலேட்டரில் போட்டு விடையை மட்டும் தட்டினால் ஒரு நிலை, சூத்திரம் போட்டால் இன்னொரு நிலை. தங்கள் வீட்டுக் கூலியை எழுதச் சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகள் கூசிப்போவார்கள்.

பாதுகாப்பு: 'இலவச லேப்டாப்புக்கு இந்த லிங்கில் பதிவு செய்யுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்று ஒரு பொய்ச் செய்தியை அச்சடித்துக் கொடுங்கள். என்ன செய்வாய், ஏன் என்று இரண்டு வரி. இதற்குச் சிஸ்டமே வேண்டாம். பணம் போய்விட்டால் 1930க்கு உடனே கூப்பிட வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரிகிறது என்றும் பாருங்கள், பெற்றோருக்கும் தெரிந்திருக்காது.

மற்ற இரண்டையும் நீங்களே யோசித்துவிடுவீர்கள். குறிப்புகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுத்து, ஒருமுறை வாசித்தும் காட்டுங்கள். இந்தி, ஒடியா பேசும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று கையால் காட்டினாலும் தப்பில்லை. நீங்கள் சோதிப்பது மொழியை அல்ல.

மதிப்பெண்ணுக்குப் பதில் நான்கு நிலைகள் போதும்: தானாகச் செய்தார், ஒரு குறிப்புச் சொன்னதும் செய்தார், கூட இருந்து காட்டியபின் செய்தார், செய்துபார்க்க இன்னும் வாய்ப்பு அமையவில்லை. நான்காவதை 'தெரியாது' என்று மாற்றச் சொல்லி யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்க வேண்டாம். பயிற்சியே கிடைக்காத பிள்ளையையும், பயிற்சி கிடைத்தும் பிடிபடாத பிள்ளையையும் ஒரே கட்டத்தில் அடைத்தால், அடுத்து யாருக்கு என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியாது. பிள்ளைகள் சேமித்த கோப்புகளை அழிக்காமல் வையுங்கள். பெற்றோர் சந்தேகப்பட்டால் திறந்து காட்ட அவைதான் சாட்சி.

வகுப்புக்கு மொத்தமாக ஒரு பக்கம் தனியாக, நிர்வாகத்துக்கு மட்டும். எந்த வேலையை எத்தனை பேர் தானாகச் செய்தார்கள் என்ற அட்டவணைக்கு மேலேயே, ஓடும் சிஸ்டம் 14, ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு 13 நிமிடம் என்று எழுதுங்கள். குறை சொல்லும் தொனி வேண்டாம், கணக்கு மட்டும். ஆறு சிஸ்டத்தைப் பழுது பார்த்தால் 20; அப்போது ஏறக்குறைய இரண்டு பேருக்கு ஒன்று, வாரத்துக்குச் சுமார் 19 நிமிடம் ஆகிவிடும் என்று அடுத்த வரியில் சொல்லிவிடலாம். நம் ஊர்த் தாளாளர்கள் பெரும்பாலும் தொழில் செய்து வளர்ந்தவர்கள். பத்து மெஷினில் மூன்று நின்றால் உற்பத்தி என்ன ஆகும் என்று அவர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. நோட்டீஸுக்கு ஏதாவது வேண்டும் என்பதும் அவர் பக்கத்தில் நியாயம்தான். 'எங்கள் பள்ளியில் ஒவ்வொரு எட்டாம் வகுப்பு மாணவரும் தனிக் கணினியில் செய்முறைத் தேர்வு செய்கிறார்' என்று போடச் சொல்லுங்கள். சுற்றுவட்டாரத்தில் எத்தனை பள்ளி அப்படிச் சொல்ல முடியும்? பிப்ரவரியில் இதே வேலைகளை இன்னொரு முறை கொடுத்தால், அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தையும் போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பெண், அந்தப் பையன்

அந்த அம்மாவுக்கு உடனே போன் செய்யுங்கள். பதினோராம் வகுப்பில் எந்த குரூப் என்பதைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் தீர்மானிக்கும். எட்டாவதில் மவுஸ் பிடித்த விதத்துக்கு அதில் எந்த வேலையும் இல்லை என்று சொல்லுங்கள். அவசரப்பட்டு வட்டிக்கு வாங்கி லேப்டாப் எடுத்துவிட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அந்த வேகத்தில் சிலர் இருப்பார்கள். மதிய இடைவேளையில் வாரம் இரண்டு நாள் லேபைத் திறந்துவைத்து, வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு முதலிடம் என்று விட்டாலே ஒரு பருவத்தில் அவள் பிடித்துக்கொள்வாள். அவளுடைய அறிக்கையில் இப்படி எழுதலாம்: 'செய்தியின் தேதியைச் சரிபார்த்து, சரியான நீர்மட்டத்தைத் தானாகக் கண்டுபிடித்தார். பொய்ச் செய்தியை அடையாளம் கண்டு காரணம் சொன்னார். கோப்பைச் சேமிப்பதை ஒருமுறை காட்டியபின் செய்தார். வீட்டில் கணினி இல்லை. மதிய வேளையில் லேபில் பயிற்சி தொடர்கிறது.' எழுதும்முன் உண்மையிலேயே அப்படிச் செய்தாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நான் உதாரணத்துக்குச் சொல்கிறேன்.

சர்வீஸ் கடைக்காரர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் போனைப் பிரித்து மாட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை, உங்கள் தாளில் அதற்கு இடம் இல்லாமல் போயிற்று. அறிக்கையின் கீழே 'பள்ளிக்கு வெளியே கற்றவை' என்று ஒரு வரி விடுங்கள், அதில் எழுதலாம். ஆனால் அந்தப் பையன் அணை நீர்மட்டத்தில் போன வருடத்து எண்ணை எழுதினால் அதையும் அவரிடம் காட்டுங்கள். போனைப் பழுது பார்க்கத் தெரிவதும் அதில் வரும் செய்தியை எடைபோடத் தெரிவதும் வேறு வேறு என்பதைத் தொழில் தெரிந்த அந்த மனிதர் மற்றவர்களைவிடச் சீக்கிரம் ஒத்துக்கொள்வார்.

அசல் சான்றிதழ்கள்

நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இதில் நிலை தெளிவாகவே இருக்கிறது. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டு நகலை வைத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தருவதுதான் முறை. இதை அறிக்கைப் பிரச்சினையோடு சேர்க்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் கேட்டால் சண்டைக்கு வந்ததாக நினைத்துக்கொள்வார்கள். ஒரு மாதம் போகட்டும். மேற்படிப்பு விண்ணப்பமோ தகுதித் தேர்வோ காரணம் காட்டி, தேதியிட்ட கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக அலுவலகத்தில் முத்திரை வாங்குங்கள். தராமல் இழுத்தால் பதிவுத் தபாலில் இன்னொன்று. அதற்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு. அந்தக் கட்டத்துக்குப் போனால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

அதற்கு முன், பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாக ஐந்து பிள்ளைகளின் அறிக்கையை மட்டும் மாதிரியாகத் தயாரித்து முதல்வரிடம் காட்டுங்கள். தாளாளரிடம் நேராகப் போக வேண்டாம், முதல்வர் மூலமாகவே போகட்டும். சத்தம் போட்ட அந்தத் தகப்பனாரின் பையன் அறிக்கையும் அந்த ஐந்தில் ஒன்றாக இருந்தால் முதல்வருக்கும் பேச வசதியாக இருக்கும்.